மலையேறும் கடற்குதிரைகள்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலைப் பகுதிகளிலும் வரவேற்பறையில் மீன் தொட்டி வைப்பது நீண்டகால வழக்கம். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கையில் சேரும் பணத்தில் பிள்ளைகள் இரண்டு கப்பி மீன்களை வாங்கி வருவதை யாரும் குறை கூற முடியாது. ஆனால், நன்னீர் மீனில் தொடங்கும் ஆர்வம் அத்துடன் நிற்பதில்லை. உவர்நீர்த் தொட்டி, வண்ணக் கடல் மீன்கள் என்று வளர்ந்து, ஈற்றில் கடற்குதிரையில் வந்து நிற்கின்றது. ஹேவாஹெட்ட போன்ற மலையூரில் இருப்போர் இதனை வாங்க எண்ணும்போது, விலையை விசாரிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவை வேறு உண்டு.

கடற்குதிரையின் உடலமைப்பு விந்தையானது. அதற்கு இரைப்பை இல்லை, பல்லும் இல்லை. குழல் போன்ற வாயினால் சிறு கூனி இறால்களை உறிஞ்சி விழுங்குகிறது. விழுங்கியது உடலில் தங்குவதும் குறைவு. ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று வேளையாவது தரமான இரை கிடைத்தாக வேண்டும். நீந்துவதில் மிக மந்தமான பிராணி என்பதால், வேகமான மீன்களோடு ஒரே தொட்டியில் விட்டால் தனக்குரிய இரையை எட்டுவதற்குள் அது தீர்ந்துவிடும். கடலிலிருந்து பிடித்துவரப்பட்ட கடற்குதிரைகள் பல, அசையாத இரையைத் தொடுவதே இல்லை. வாங்கியவர் கண்முன்னே, நாளுக்கு நாள் மெலிந்து, சில வாரங்களில் மடிகின்றன. பார்ப்பவருக்கு அது நோயாகத் தோன்றலாம். உண்மையில் அது பட்டினி.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் ஹேவாஹெட்டப் பகுதியிலேயே உள்ளது. தேயிலைக்கு உகந்த அந்தக் குளிர் கடற்குதிரைக்கு உகந்ததன்று. நம் கரையோரக் கடற்குதிரைகளுக்கு 25 பாகை செல்சியஸை அண்டிய வெப்பநிலை தேவை. மலையின் இரவுகளில் அதனைப் பேண மின்சாரத்தால் நீரைச் சூடாக்க வேண்டும். நீரையும் நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். லீற்றருக்கு சுமார் 35 கிராம் என்ற அளவில் இதற்கெனத் தயாரித்த உப்பைக் கரைக்க வேண்டுமே தவிர, சமையலறை உப்பைக் கரைத்துவிட்டால் அது கடல்நீர் ஆகாது. கழிவில் உண்டாகும் அமோனியாவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் தொட்டியில் பெருகுவதற்குச் சில வாரங்கள் காத்திருக்கவும் வேண்டும்.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் மின்சாரம் நம் கையில் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை இந்நாடு கண்டது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததாகக் காரணம் கூறப்பட்டு நாடே இருளில் மூழ்கியது. காற்றுப் பம்பி நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும், மலையில் அதனுடன் வெப்பமும் இறங்கும். மின்பிறப்பாக்கி வாங்க வசதியுள்ளவர்களுக்கே இந்தப் பொழுதுபோக்கு என்பதைக் கடைக்காரர்கள் எவரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இது வீட்டின் பக்கம். கடலின் பக்கமும் ஒன்று இருக்கின்றது. மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை, புத்தளம் களப்பு ஆகியவற்றின் கடற்புல் வெளிகளும் கண்டல்களும் கடற்குதிரைகளின் இருப்பிடங்கள். ஆணே கருவைப் பையில் சுமந்து குட்டிகளை ஈனும். ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில் ஈன்றாலும் பிழைப்பவை மிகச் சிலவே. இந்தியா 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இவற்றைச் சேர்த்துத் தடை செய்தது. அதன் பின்னரும் இராமநாதபுரம் கரையில் உலர்ந்த கடற்குதிரைகள் பிடிபட்ட செய்திகள் ஓயவில்லை. கீழை மருத்துவத்துக்கான சந்தை அவ்வளவு வலியது.

சைட்டிஸ் சமவாயத்தின் இரண்டாம் பட்டியலில் கடற்குதிரைகள் அனைத்தும் 2002 இல் சேர்க்கப்பட்டு, 2004 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது. 1979 முதல் இலங்கை அதன் உறுப்பு நாடு. ஆயினும் அச்சமவாயம் நாட்டின் எல்லையைத் தாண்டும் வர்த்தகத்தையே கட்டுப்படுத்துகின்றது. கட்டுநாயக்கவில் அனுமதிப் பத்திரம் கேட்கப்படும் அதே உயிரினம், கற்பிட்டியிலிருந்து கண்டி வீதியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஏறி வந்தால் அச்சமவாயத்தின் பார்வையில் படாது. நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடைவெளி இதுவே.

நேர்மையாகச் சொல்வதானால், கடற்குதிரையின் பெரும் பகைவன் மீன் தொட்டியன்று. இழுவை மடிகள் உள்ளிட்ட வலைகளில் தற்செயலாகச் சிக்குபவை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் என 2017 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இலங்கை அதே ஆண்டில் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் கடலடியைக் கிளறிச் செல்வது குறித்து வடபகுதி மீனவர்கள் படும் வேதனையை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். அந்த வேதனையில் கடற்புல்லும் அடங்கும், அதில் வால் சுற்றி நிற்கும் உயிர்களும் அடங்கும். ஆனால் அது அரசுகள் தீர்க்க வேண்டிய விவகாரம்; தொட்டியோ நம் வீட்டுக்குள் இருப்பது.

வளர்க்கவே கூடாது என்பது நம் வாதமன்று. உயிருடன் விற்கப்படும் கடற்குதிரைகளில் இன்று பெரும்பகுதி பண்ணைகளில் பிறந்தவை. அவற்றை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. பண்ணையில் பிறந்தது உறைந்த இரைக்குப் பழகியிருக்கும், கடலிலும் ஒன்று குறையாது. இஸ்லாமிய மரபிலும் உயிரினங்களை வீட்டில் வளர்ப்பதற்கு இடமுண்டு. ஆனால், பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதைக் கூறும் நபிமொழியை முஸ்லிம் வாசகர்கள் அறிவார்கள். வள்ளலாரின் ஜீவகாருண்யத்தைப் போற்றும் தமிழ் வாசகர்களுக்கும் அதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. பட்டினியால் சாகும் என்று தெரிந்த பின்னரும் கடற்குதிரையை வாங்குவது அதே வகையைச் சேர்ந்ததுதான்.

தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டி கட்டி கப்பி வளர்த்துச் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கு அதன் பயிற்சி பயன்பட்டிருக்கின்றது. மலையக இளைஞருக்கு வருமானம் வேண்டுமெனில் வழி அந்த நன்னீர் மீன்களில் இருக்கின்றது. விற்கப்படும் ஒவ்வொரு கடற்குதிரையும் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்பதைத் தொட்டியின் மீதே எழுதி ஒட்டுமாறு கடைகளுக்கு இந்த அதிகார சபையும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் பணிக்க வேண்டும்.

அதுவரை வாங்குபவரே சோதிக்கலாம். உறைந்த கூனி இறாலைத் தொட்டியில் போட்டு, கடற்குதிரை அதனைத் தின்பதைக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். தின்னாவிட்டால், அல்லது காட்ட அவர் தயங்கினால், கப்பி இரண்டோடு வீடு திரும்புங்கள்.