வாவியைத் தூர்வாருவதா? வடிகாலைத் திருத்துவதா?

கண்டி வாவியில் மீன்கள் செத்து மிதக்கும்போதெல்லாம், நீர் நாற்றமெடுக்கும்போதெல்லாம், ஒரே குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. 'வாவியைத் தூர்வாருங்கள், கரையை அழகுபடுத்துங்கள்' என்பதே அக்குரல். பொறுப்பானவர்கள் வந்து பார்வையிடுவர். பத்திரிகைகள் படம் வெளியிடும். செத்த மீன்கள் அள்ளப்படும். சில மாதங்களில் யாவும் மறக்கப்படும். அண்மைக் காலத்தில் இச்சடங்கோடு புதியதொரு மந்திரமும் சேர்ந்துகொண்டுள்ளது. 'காலநிலை மாறிவிட்டது, வெப்பம் கூடிவிட்டது, இதற்கு யார்தான் என்ன செய்ய முடியும்?' என்று கைவிரிப்பதே அம்மந்திரம். முன்னைய கூற்று நோய் எங்கே உள்ளதென்பதைப் பிழையாகக் காட்டுகின்றது. பின்னைய கூற்று நோயாளியையே கைவிடச் சொல்கின்றது. இவ்விரண்டும் மறுக்கப்படவேண்டியவை.

கண்டி வாவி இயற்கை தந்த நீர்நிலையன்று. கண்டி இராச்சியத்தின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தலதா மாளிகையின் முன்னால் விரிந்து கிடந்த வயல்வெளியை அணைகட்டி மறித்து அமைத்ததே இவ்வாவியாகும். மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிலே அது கிடக்கின்றது. எனவே சுற்றியுள்ள சரிவுகளில் எது விழுகின்றதோ அது மழையோடு வழிந்து வாவியைச் சேர்ந்தே தீரும். அரசன் காலத்திலே அச்சரிவுகளிலிருந்து வந்தவை இலையும் மண்ணுமே. இன்றோ வீடுகளும் விடுதிகளும் கடைகளும் அச்சரிவுகளில் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் சமையலறை நீரும் சலவை நீரும் மலசலகூடக் குழிகளின் கசிவும் வாவியை நாடி வருகின்றன. வாவி மாறவில்லை; அதன் நீரேந்து பிரதேசமே மாறியுள்ளது. இந்த எளிய உண்மையை ஏற்றுக்கொள்ளாத எத்திட்டமும் வாவியைக் காப்பாற்றப்போவதில்லை.

1999ஆம் ஆண்டு மே மாதத்திலே கண்டி வாவியில் மைக்குரோசிசுற்றிசு எனப்படும் நீலப்பச்சை அல்கா பெருகிப் படர்ந்தமை ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளது. நச்சுப்பொருளைச் சுரக்கவல்ல இவ்வகை அல்கா வானத்திலிருந்து வந்து இறங்கியதன்று. அதற்கு உணவிட்டு வளர்த்தவர்கள் உளர். நீர்நிலையொன்றிலே தாவர உணவுப் பொருள்கள், சிறப்பாகப் பொசுபரசு, மிகுதியாகச் சேரும்போது அல்கா கட்டின்றிப் பெருகுகின்றது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகின்றது. மீன்கள் மூச்சடைத்து மடிகின்றன. அறிவியலார் இதனை நற்போசணையாக்கம் என்பர். அதிக ஊட்டமே நஞ்சாகும் கொடுமை இது.

இதிலே ஐயத்துக்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டிலே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 226 என இலக்கமிடப்பட்ட ஏரியொன்றைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இடப்பட்டன. மறுபாதிக்கு அவற்றோடு பொசுபரசும் இடப்பட்டது. பொசுபரசு இடப்பட்ட பாதி பச்சையாயிற்று. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தைக் கண்டபின் விவாதிக்க அதிகம் எஞ்சவில்லை. நன்னீர் நிலையின் விதியைப் பெரிதும் தீர்மானிப்பது, அதனுள் எவ்வளவு பொசுபரசு போய்ச் சேருகின்றது என்பதே.

அவ்வாறாயின் தூர்வாருவது பயனற்றதா? அங்ஙனம் கூறுவது நியாயமன்று. பல ஆண்டுகளாகச் சேர்ந்த பொசுபரசு அடிச்சேற்றில் உறைந்து கிடக்கின்றது. அடிநீரில் ஒட்சிசன் அற்றுப்போகும்போது, சேற்றிலுள்ள இரும்போடு பிணைந்திருந்த பொசுபரசு விடுபட்டு மீண்டும் நீரிலே கலக்கின்றது. ஆகவே சேற்றை அகற்றவேண்டிய தேவை சிலவேளை எழத்தான் செய்யும். ஆயின் அது எப்போது செய்யப்படவேண்டும் என்பதிலேதான் வழக்கு உள்ளது. சுவீடன் நாட்டின் துரும்மன் ஏரி இதற்குத் தக்க சான்றாகும். அவ்வேரிக்குள் விடப்பட்டுவந்த கழிவுநீர் 1950களின் இறுதியில் வேறு வழியே திருப்பப்பட்டது. எனினும் அடிச்சேற்றின் காரணமாக ஏரி தேறவில்லை. பின்னர் 1970, 1971ஆம் ஆண்டுகளில் சேறு அகற்றப்பட்டபோதே அது தேறியது. தூர்வாருதலின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக இவ்வேரி அடிக்கடி பேசப்படுவதுண்டு. தூர்வாரும் கருவி அங்கே இறங்குமுன்பு பத்தாண்டுகளுக்கு மேலாகக் கழிவுநீர் நிறுத்தப்பட்டிருந்தது என்ற பாதி உண்மை மட்டும் வசதியாக விடப்படுகின்றது. கழிவு வந்துகொண்டிருக்கச் சேற்றை அள்ளுவது, ஓட்டைத் தோணியில் ஓட்டையை அடைக்காமல் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். இறைப்பவனுக்குக் கூலி கிடைக்கும். தோணி மட்டும் கரைசேராது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சியாற்றில் நகரை அடுத்துள்ள வொஷிங்டன் ஏரியின் கதையும் இதனையே வலியுறுத்துகின்றது. நகரங்களின் கழிவு அதனுள் விடப்பட்டமையால் 1950களில் அது கலங்கி அல்கா மண்டிப்போயிற்று. பேராசிரியர் எட்மன்ட்சன் என்பார் நேர்ந்ததையும் நேரவிருப்பதையும் மக்களுக்கு எடுத்துரைத்தார். 1958ஆம் ஆண்டிலே மக்கள் வாக்களித்துக் கழிவுநீரைத் திருப்பும் அமைப்பொன்றை உருவாக்கினர். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக ஏரியினின்றும் விலக்கப்பட்டது. 1970களில் ஏரி தெளிந்துவிட்டது. அங்கே ஏரியைத் தூர்வாரவில்லை. கரையில் நீரூற்றும் சிலையும் வைத்து அதனை மீட்கவுமில்லை. வரவேண்டாததை வராமல் தடுத்தனர். எஞ்சியதை ஏரி தானே செய்துகொண்டது.

இனிக் காலநிலை மாற்றம் என்னும் சாட்டினை நோக்கலாம். காலநிலை மாறுகின்றது என்பது மறுக்கமுடியாத உண்மை. அது வாவிகளைத் தாக்குகின்றது என்பதும் உண்மையே. கடல்மட்டத்திலே 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளவல்லது. 30 பாகையிலே ஏறத்தாழ 7.5 மில்லிகிராமையே கொள்ளும். நீர் சூடேற அழுகல் விரைவடைகின்றது. ஒட்சிசனின் தேவையோ பெருகுகின்றது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலையை வாவி அடைகின்றது. மேல்நீர் சூடாகி இலேசாவதால் அடிநீரோடு கலக்காமல் நிற்கின்றது. அத்தகைய அசைவற்ற வெந்நீரே, மிதந்து மேலேறவல்ல நீலப்பச்சை அல்காவுக்கு உகந்தது. அன்றியும், நீண்ட வரட்சிக்குப் பின்னர் கொட்டும் பெருமழை, சரிவுகளில் தேங்கிய கழிவையும் மண்ணையும் ஒரே நாளில் வாவிக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றது.

ஆயின் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாது? வெப்பம் அல்காவுக்கு உணவாவதில்லை. உண்ணும் வேகத்தையே அது கூட்டுகின்றது. உணவிடுபவர்கள் மனிதர்களே. ஆகவே வெப்பம் கூடுகின்றது என்பது, முன்னரிலும் குறைவாகவே உணவிடவேண்டும் என்பதற்கான காரணமாகுமேயன்றி, கைகட்டி இருப்பதற்கான அனுமதியாகாது. காய்ச்சல் கண்டவனுக்கு வெயில் கூடாது என்றறிந்தும் அவனை வெயிலிலே கிடத்திவிட்டுச் சூரியனைக் குறைகூறுவாரை அறிவுடையோர் என யாரும் கொள்ளார்.

இவ்விடத்திலே ஈரி ஏரி தரும் பாடம் சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. 1960களில் 'செத்த ஏரி' எனப் பேசப்பட்டது அது. 1972இல் கனடாவும் அமெரிக்க ஐக்கிய நாடும் உடன்படிக்கை செய்தன. கழிவுநீர் நிலையங்கள் திருத்தப்பட்டன. சலவைத்தூளில் பொசுபேற்று கட்டுப்படுத்தப்பட்டது. ஆண்டொன்றுக்கு 11,000 தொன் என்ற பொசுபரசு எல்லை குறிக்கப்பட்டு, 1980களில் அது எட்டவும்பட்டது. ஏரி உயிர்பெற்றது, உலகமே பாராட்டியது. ஆயின் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அல்கா திரும்பவும் தலைதூக்கிற்று. வயல்களிலிருந்து கரைந்து வரும் பொசுபரசு பெருகியமை ஒரு காரணம். அதனை இளவேனிற்காலப் பெருமழைகள் அடித்துக்கொண்டு வந்தமை மற்றொரு காரணம். 2014 ஓகஸ்ற் மாதத்தில் ரொலீடோ நகரின் குழாய்நீரில் அல்கா நஞ்சு காணப்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் தம் வீட்டுக் குழாய்நீரை அருந்தவேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். அந்நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாதது. இதன்பின், 2016இல் இரு நாடுகளும் 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 சதவீதம் குறைக்கும் புதிய இலக்கை ஏற்றன. பழைய காலநிலைக்கென வகுத்த எல்லை புதிய காலநிலைக்குப் போதாது என்பதே இதன் பொருள். செல்வமும் சட்டமும் மிக்க நாடுகளுக்கே இக்கதியாயின், எல்லை எதுவுமே வகுக்காத ஒரு வாவியின் கதி யாதாகும்?

'இவையெல்லாம் செல்வந்த நாடுகளுக்குரியவை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த நாட்டுக்கு இவை கட்டுப்படியாகா' என்ற வாதமும் எழக்கூடும். உண்மையில் கட்டுப்படியாகாதது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை அள்ளி, மீண்டும் சேற்றைச் சேரவிட்டு, மீண்டும் அள்ளும் வீண்செலவே. ஜப்பானின் கடனுதவியோடு கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் மேற்கொள்ளப்பட்டு, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. நிலையத்தோடு இணைக்கப்படாத கழிவை எந்த நிலையமும் சுத்திகரிப்பதில்லை. வாவிக் கரையின் காட்சியை விற்றுப் பணம் ஈட்டுவோர் தமது கழிவுநீர் எங்கே போகின்றது என்பதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று கேட்கும் துணிவு உள்ளதா என்பதே கேள்வி. வடிகாலோரத்தில் குடிசையிட்டு வாழும் வறியவனைச் சுட்டிக்காட்டுவது எளிது. அவனிடம் கட்டுவதற்குக் கழிவுக்குழியும் இல்லை, காட்டுவதற்குக் காணியுறுதியும் இல்லை. மேட்டிலிருந்து வரும் கழிவும் அவனுடைய வாசலின் ஊடாகவே ஓடுகின்றது என்பதை மறைத்துப் பழியை அவன்மீது மட்டும் சுமத்துவது அறமாகாது.

செய்யவேண்டியவை மறைபொருள்கள் அல்ல. வாவிக்குள் விழும் ஒவ்வொரு வடிகாலும் கணக்கெடுக்கப்பட்டு, கழிவுநீர் மழைநீரிலிருந்து பிரிக்கப்படவேண்டும். சரிவுகளில் மண்வெட்டிக் கட்டடம் எழுப்புவது கட்டுப்படுத்தப்படவேண்டும். எஞ்சியுள்ள காடு காக்கப்படவேண்டும். ஆண்டொன்றுக்கு இவ்வளவு பொசுபரசே வாவியைச் சேரலாம் என ஓர் எல்லை, பெருமழை ஆண்டையும் கருத்திற்கொண்டு, விதிக்கப்படவேண்டும். நீரின் நிலை மாதந்தோறும் அளக்கப்பட்டு, மும்மொழியிலும் மக்கள் காணும் இடத்தில் எழுதி வைக்கப்படவேண்டும். இவையெல்லாம் நடந்தேறியபின், தேவை இருப்பின், தூர்வாரலாம். பூச்செடிகள் அதன்பின் நடப்படட்டும். அவற்றை யாரும் வெறுக்கவில்லை.

கண்டி வாவி கண்டிக்கு மட்டும் உரியது என்று எண்ணுவதும் தவறாகும். வாவி வான்பாயும் நீர் மெத எல வழியாக, நகரின் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு, மகாவலியில் விழுகின்றது. அதே மகாவலியின் நீர் பொல்கொல்லையிலே மறிக்கப்பட்டு, 1976 முதல் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடாக உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, வரண்ட பிரதேசத்துக் குளங்களை நோக்கிச் செல்கின்றது. கண்டியை ஒருபோதும் கண்டிராத கமக்காரனின் வாய்க்கால்வரை அவ்வழி நீள்கின்றது. மேட்டில் இருப்பவர் அழகு பார்ப்பதற்காக ஒதுக்கும் பணம், பள்ளத்தில் இருப்பவர் அருந்தும் நீரைத் தூய்மையாக்குவதில்லை.

அரசனொருவன் வயலை வாவியாக்கினான். அவனுக்குப் பின்வந்தோர் வாவியைக் கழிவுக்குழியாக்கிவிட்டுக் காலநிலையின்மேல் பழிபோடுவார்களாயின், வருங்காலம் அச்சாட்டினை ஏற்கப்போவதில்லை. வெயில் இனியும் கூடும். மழை இனியும் சீறும். அவற்றை ஒரு நகரம் தனித்து நிறுத்திவிட முடியாது. தன் வடிகாலை நிறுத்த முடியும். அதனையும் செய்யாத நகரத்துக்கு வாவியின் நாற்றத்தைப்பற்றி முறையிடும் உரிமை இல்லை.