வெற்றுக் கட்டமும் கடன்வாங்கிய எண்ணும்

கிருலப்பனைக் கால்வாய்க் கரையில் கணக்கெடுப்பாளர் ஒருவர் கதவைத் தட்டுகிறார். திறப்பார் இல்லை, அவ்வீட்டுப் பெண் விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டாள். படிவத்தில் வருமானத்துக்குரிய கட்டம் வெறுமையாக நிற்கிறது.

அக்கட்டத்தை நிரப்ப இன்று புதிய வழிகள் கூறப்படுகின்றன. மின்பட்டியல், கைத்தொலைபேசிப் பதிவு, செய்மதியின் இரவுப் படம் ஆகியவற்றிலிருந்து வருமானத்தை ஊகித்துவிடலாமாம். விடையளியாதோரை விட்டுவிட்டால் கணக்குப் பிழைபடும் என்று புள்ளிவிபர அறிஞர் கூறுவது உண்மையே. நாம் கேட்பது வேறு: கடன்வாங்கிய அந்த எண் யாருடைய வாழ்வைப் பேசுகிறது?

ஒரே மின்மானியில் மூன்று குடித்தனங்கள் விளக்கேற்றினால், பட்டியல் வசதி படைத்த ஒரு குடும்பத்தையே காட்டும். ஹைலெவல் வீதியின் வெளிச்சத்தைச் செய்மதி பக்கத்துக் குடிசையின் கணக்கில் எழுதும். தொலைபேசி இணைப்பு கணவன் பெயரில் இருப்பின், மனைவி கணக்கிலேயே இராள்.

இது வெறுங் கற்பனையன்று. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலத்திட்டம் ஏழைகளைத் தெரிந்தெடுத்த அளவுகோல்களுள் மின்பாவனையும் ஒன்று. வெற்றுக் கட்டத்தை நிரப்பும் முயற்சி அன்று அது. எனினும் வாழ்வுக்குப் பதிலாக அதன் நிழலை அளக்கும் தருக்கம் ஒன்றே. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர்.

ஊகத்துக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பு, போரினால், 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமை பெற்றது. ஏனையவற்றின் குறைக்கு மதிப்பீடு தரப்பட்டது. மதிப்பீடு என்றே குறிக்கப்பட்டது. அந்த வெறுமை போருக்குச் சாட்சியாய் நின்றது. அதை ஓசையின்றி நிரப்பியிருந்தால் சாட்சி அழிந்திருக்கும். 1981க்குப் பின் முழு நாடும் எண்ணப்பட்டது 2012இலேதான்.

மாடமாளிகையின் காவலாளியும் கணக்கெடுப்பாளரை வாயிலிலேயே திருப்பியனுப்பலாம். அந்த மௌனத்தை நிரப்பக் காணிப் பதிவும் வாகனப் பதிவும் உண்டல்லவா? அவற்றை விடுத்து ஏழையின் மின்மானியை மட்டும் எட்டிப் பார்ப்பது எந்த விஞ்ஞானம்?

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. அது நேர்மையாய் இருக்கக் கோருகிறோம். ஊகித்த எண் ஒவ்வொன்றும் ஊகமென்று குறிக்கப்படல் வேண்டும். விடைவராத வீடுகளுட் சிலவற்றுக்கு மீண்டும் சென்று ஊகத்தைச் சோதித்தல் வேண்டும். அந்த எண்ணால் ஒருவரின் உதவி மறுக்கப்படுமாயின், அதைப் பார்க்கவும் திருத்தவும் அவருக்கு உரிமை வேண்டும்.

புள்ளிவிபரம் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் சூத்திரத்தோடு இதனையும் கற்கட்டும். காலையில் கதவு திறவாவிட்டால், மாலையில் மறுபடி தட்டுங்கள். வேலை முடிந்து அவள் வீடு திரும்பியிருப்பாள்.