தோள்பையே அலுவலகம்; ஊன்றுகால் எங்கே?

ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கு வண்டியேறிய இளைஞனின் பெட்டியில் இரண்டு சட்டையும், தட்டெழுத்துத் தேர்வில் தேறிய சான்றிதழும் இருந்தன. மாட்டுங்காவில் உறவினர் அறையில் ஒண்டிக்கொண்டு, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் தட்டெழுத்தாளனாய், சுருக்கெழுத்தாளனாய் அமர்ந்தான். அந்த நாற்காலிகளைக் காட்டித்தான் 1966-இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராக அரசியல் நடத்தியது. அதையும் தாங்கி நம்மவர் நின்றனர். பின்னர் கணினி வந்தது. தட்டெழுத்துப் பொறி போயிற்று. அந்த நாற்காலிகளும் போயின.

இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் அதே கணினியைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறார்கள். கடை இல்லை, தோள்பைதான் அலுவலகம். அதற்குள் மடிக்கணினி, ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், பென் டிரைவ், வாடிக்கையாளரின் கோப்புகளைப் பத்திரப்படுத்த ஒரு ஹார்ட் டிஸ்க், லேன் கேபிள். காலையில் செம்பூரில் ஒரு கிளினிக், நண்பகலில் மாட்டுங்காவில் கணக்கர் அலுவலகம், மாலையில் தாராவித் தையல் கூடத்தில் பில் போடும் கணினி. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் லாமிங்டன் ரோட்டுக்கு ஓட்டம்.

வேலைக்கும் குறைவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. பழைய கணினியைத் தூக்கியெறிய வசதியில்லாத சிறு தொழில்காரர், “இதை இன்னும் ஓட்டலாமா?” என்று நம் பிள்ளையைத்தான் கேட்கிறார்.

கடை வாடகை இல்லை, டெபாசிட் இல்லை, முதலாளி இல்லை. இதுவே சுதந்திரம் என்கிறார்கள் சிலர். பாதிதான் உண்மை. காய்ச்சலில் படுத்தால் அன்றைய வரும்படி போயிற்று. வேலையை முடித்துப் பில் கொடுத்தால், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்ற பதில். அடுத்த மாதமும் அதே பதில். தனியாளாய் நிற்பவன் யாரிடம் முறையிடுவான்?

முறையிட இடம் உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. வழக்குமன்றம் ஏறாமலே அதற்கான மன்றத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் வேலையை ஏற்கும் முன்பே ‘உத்யம்’ பதிவு கையில் இருப்பது நல்லது. 2020 சூலை முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும்; வீட்டு முகவரியே தொழில் முகவரியாகலாம். இலவசப் பதிவுக்குத் தரகரிடம் பணம் அழுவது ஏன்? பில்லும் வேலைச்சீட்டும் எழுத்தில் கொடுக்கும் பழக்கமும் வேண்டும். எழுத்து இல்லாத உழைப்புக்குச் சாட்சி இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்று, மாநில அரசோடு கூட்டாக நடத்தும் தாராவி மறுகட்டுமானத் திட்டம் நம் தலைக்கு மேல் நிற்கிறது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே இடம் என்கிறார்கள். தகுதியுள்ள கடைக்கு 225 சதுர அடி இலவசம். நான்கு சுவர் இருந்தால் தொழில் கணக்கில் வருகிறது. தோள்பையில் நடக்கும் தொழிலுக்குச் சுவர் ஏது?

நடமாடும் தொழில்தானே, எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாமே என்று அதிகாரி கேட்கலாம். அங்கேதான் தவறு. பை நடமாடும், வாடிக்கை நடமாடாது. கிளினிக்கில் கணினி நின்றால் அரைமணியில் வந்து நிற்பவனுக்குத்தான் அடுத்த அழைப்பு. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போகலாம், செம்பூர் பக்கம். இந்த அருகாமைதான் அவனுடைய மூலதனம். நகரின் விளிம்புக்கு அவனைத் தள்ளினால், வீட்டை மாற்றுவதாகாது, தொழிலைப் பறிப்பதாகும். மாடி அறையில் இருந்துகொண்டு பழுதுபார்ப்பவர், இட்லி சுமந்து விற்பவர், வீடுவீடாகப் போகும் எலெக்ட்ரீசியன் எல்லோருக்கும் இதே கதிதான்.

ஆகவே நம் மன்றங்கள் இரண்டு வேலை செய்யட்டும். ஞாயிறுதோறும் ஒரு மேசை போட்டு, உத்யம் பதிவும், அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் பதிவும் இலவசமாகச் செய்து தரட்டும். தொழில்நுட்பப் பிள்ளைகளை ஒரு குழுவாக்கட்டும்; ஒருவன் படுத்தால் மற்றவன் அவன் வாடிக்கையைக் காக்கட்டும்; விலையுயர்ந்த கருவி பொதுவில் இருக்கட்டும். இரண்டாவது, சுவரில்லாத தொழிலையும் தொழிலாக எழுது, தொழில் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே வீடு கொடு என்று கூட்டாகக் கேட்கட்டும். மராத்தித் தொழிலாளிக்கும் உத்தரப்பிரதேசத்துத் தொழிலாளிக்கும் இதே குறை உண்டு. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம்.

அன்று நாற்காலிக்காக நம் முன்னோர் தனித்தனியே அவதிப்பட்டனர். இன்று பையைச் சுமக்கும் பிள்ளைகளையும் தனித்தனியே விட்டுவிடப் போகிறோமா?