அளந்தவர்கள் திரும்பி வரட்டும்

லயங்களை அளக்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் கட்டடக்கலை மாணவர்கள் நாடாவும் கெமராவுமாக வருகிறார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து நாம் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, 10 அடிக்கு 12 அடி என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்த அளவு நமக்கு வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே தெரியும்.

ஆய்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டைப் பற்றிப் படித்தவர்கள் எழுதத்தான் வேண்டும். இன்று ஒரு மாணவர் வரையும் படம் நாளை ஒரு திட்டத்தின் வரைபடமாகலாம். அதனால்தான் என்ன கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பது நமக்கு முக்கியம். பகலில் வருகிறவர்கள் கொழுந்து மலையில் நிற்கும் பெண்களைக் காண்பதில்லை. நனைந்த படங்கை எங்கே காயப்போடுவது, விறகை எங்கே அடுக்குவது, மகன் கலியாணம் கட்டியபின் வயதுக்கு வந்த பிள்ளை எங்கே படுப்பது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டுக் கட்டுவது இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. கண்டியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, 1950களின் இறுதியில் வட்டாபுலுவ வீட்டுத்திட்டத்தில் 200க்கும் மேற்பட்ட வீடுகளை அமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துத் தேவைகளைக் கேட்டே வீட்டு வகைகளைத் தீர்மானித்தார். அவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். தோட்டத் தொழிலாளியிடம் மட்டும் ஏன் அப்படிக் கேட்கக்கூடாது?

இந்திய உதவியில் முன்பு கட்டப்பட்ட வீடு 550 சதுர அடி, காணி 7 பேர்ச். லயத்தோடு பார்த்தால் அது பெரிய முன்னேற்றம், மறுக்கமாட்டோம். ஆனால் புதுவீட்டுக்குப் பின்னாலும் தகரம் சாய்த்து விறகடுப்புப் போட்டிருக்கிறார்களே, அது ஏன்? காஸ் விலையும் சமையல் பழக்கமும் தெரியாமல் குசினியை வரைந்தால் அப்படித்தான் ஆகும். எதை இடித்தார்கள், எதை ஒட்டினார்கள் என்று பார்ப்பது ஒரு நல்ல ஆய்வு. அதற்கு வீடு கட்டி முடிந்து சில வருடம் கழித்தும் வர வேண்டும்.

இன்னொன்று. வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையில் உறுதிப்பத்திரம் இல்லாவிட்டால் ஒரு சுவரைத் தள்ளிக் கட்டவும் துரைமாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கட்டடக்கலை ஆய்வு காணி உரிமையைத் தொடாமல் போனால் பாதி ஆய்வுதான்.

ஆய்வு அலுமாரியில் தூங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு கொஸ்லந்தை மீரியபெத்தையைவிட வேறு சாட்சி வேண்டாம். அங்கே மண்சரிவு அபாயம் இருப்பதாக முன்பே எச்சரிக்கை இருந்தது. மாற்று வீடு மட்டும் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது.

ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிமாரும் ஒன்று செய்யுங்கள். ஆய்வுக்கு வருகிறவரின் பெயர், பல்கலைக்கழகம், மேற்பார்வையாளர் விபரத்தைக் கொப்பியில் பதியுங்கள். வேலை முடிந்து பெண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். முடிவுகளைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி, வரைபடத்தோடு தோட்டக் கமிட்டிக்குத் தருவதாக முதலிலேயே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். ஒரு பிரதியை நமது மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த வீட்டுத்திட்டப் பேச்சுக்குப் போகும்போது அது நம் கையில் இருக்கட்டும்.