லாயத்தில் விரிசல் விட்ட தோட்டா

ராணுவத் தளவாட உற்பத்தி வழித்தடம் என்று 2019-ல் ஆரம்பித்தார்களே, அதில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற பெரிய மனுஷர்கள் வாயைத் திறந்தால் ட்ரோன், ஏவுகணை, இத்தனை கோடி முதலீடு. சூரமங்கலத்துப் பாத்திரப் பட்டறைக்காரரைப் பற்றிக் கேட்டால், 'அது குடிசைத் தொழில் சார்' என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கிற விஷயமில்லை. துப்பாக்கித் தோட்டாவின் கூடு எப்படி உருவாகிறது தெரியுமா? 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளைத் தகடு. அதை வட்டமாக வெட்டி, அழுத்திக் கிண்ணமாக்கி, இழுத்து இழுத்து நீளமாக்குகிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை இறுகிக்கொள்ளும். சூடு காட்டி இளக்காமல் அடுத்த இழுப்புக்குப் போனால் கிழிந்துவிடும். முடிவில் அடிப்பாகம் கெட்டியாகவும் வாய் இளக்கமாகவும் இருக்க வேண்டும். சுடும்போது வாய் விரிந்து அடைத்துக்கொண்டால்தான் நெருப்புக் காற்று சுடுகிறவன் முகத்துக்கு வராது. தட்டுவது, தீயில் காட்டுவது, மறுபடி தட்டுவது... பித்தளைக் குடம் செய்கிற கன்னாருக்கு இதில் எது புதுசு?

இந்தச் சூடு காட்டும் வேலையின் அருமை வெள்ளைக்காரனுக்கே தாமதமாகத்தான் புரிந்தது. மழைக்காலத்தில் இங்கே அவன் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தான். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல்! குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரமும், இழுத்த பித்தளைக்குள் தேங்கி நின்ற இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. காரணத்தை விஞ்ஞானிகள் முழுசாக விளக்கியது 1921-ல். பிறகு, கடைசியில் மிதமாகச் சூடு காட்டி அந்த இறுக்கத்தைப் போக்கினார்கள்.

அதே அமோனியா துப்பாக்கிக் குழலுக்கு மருந்து! தாமிர உறை போட்ட குண்டு பாயும்போது குழலின் உள்வரிகளில் தாமிரம் அப்பிக்கொள்ளும். குழல் சின்னதாக இருந்தால் கொஞ்சம் அப்பினாலே குறி தவற ஆரம்பிக்கும். அமோனியா கலந்த திரவத்தில் நனைத்த துணியை உள்ளே விட்டு எடுத்தால் நீல நிறமாக வரும். அந்த நீலம்தான் கரைந்த தாமிரம். துடைத்த கையோடு அந்தத் துணியைத் தோட்டாப் பெட்டியில் போட்டு மூடினால், லாயத்துக் கதை மறுபடி ஆரம்பம்.

'அப்போ பட்டறையில் தோட்டா செய்யச் சொல்றீங்களா?' என்று யாராவது கேட்பார்கள். இல்லை ஐயா. அதற்கு லைசென்ஸ், சட்டம், சர்க்கார் தொழிற்சாலை எல்லாம் இருக்கின்றன. நான் சொல்வது உலோகத்தின் குணம் தெரிந்த கையைப் பற்றி. தண்ணீர்க் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் அதே கைதான் வேண்டும். ஐ.டி.ஐ.யில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அந்தப் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். பொன்னாடை வேண்டாம், மாசாமாசம் சம்பளம் கொடுங்கள். சர்ட்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அடுத்த கருத்தரங்கில் ஒரு சின்னச் சோதனை. கழிவறையில் மாட்டியிருந்து, யாரும் தொடாமலே வெடித்துப்போன பித்தளை நட் ஒன்றை மேஜைமேல் வையுங்கள். ஏன் வெடித்தது என்று மேடையில் இருப்பவர்களைக் கேளுங்கள். பிறகு வாசலில் நிற்கிற பட்டறைக்காரரையும் கேளுங்கள்.