கிராஃபுக்கும் தேய்மானம் உண்டு

2023 ஏப்ரலில் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கிராஃப்கள் ஒரே வீச்சில் அணைந்தன. தமிழ், ஆங்கிலம் என்ற பேதமில்லை, எல்லா மொழிகளிலும்தான். மக்கள்தொகை ஏறிய கோடு, கொரோனா எகிறிய கோடு எல்லாம் போய், 'தொழில்நுட்பக் காரணங்களால் கிராஃப் இல்லை' என்கிற ரீதியில் ஓர் அறிவிப்பு.

காரணம் பாதுகாப்பு ஓட்டை. அந்தக் கிராஃப்களை வரைந்தது 'வேகா' என்கிற ஓப்பன் சோர்ஸ் நிரல். வெறும் படமில்லை, சுட்டியை நகர்த்தினால் மாறுகிற மாதிரியும் அமைக்கலாம். படம் எப்படி இருக்கவேண்டும் என்று கட்டுரை எழுதுகிறவர் குறிப்பு கொடுப்பார். படிப்பவரின் பிரவுசர் அதைப் பார்த்து வரையும். விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? விஷமி ஒருவன் அந்தக் குறிப்புக்குள் தன் கோடையும் செருகிவிட்டால், அதுவும் நம் கம்ப்யூட்டரில் ஓடும்.

ஆகவே அணைத்தது சரி. கேஸ் கசிந்தால் முதலில் ரெகுலேட்டரைத்தான் மூடவேண்டும். என் கோபம் அதற்கு முந்தைய வருஷங்கள் மீது. வேகாவின் ஐந்தாம் பதிப்பு 2019-லேயே வந்துவிட்டது. இவர்களோ அணைக்கிற நாள் வரைக்கும் பெரும்பாலும் இரண்டாம் பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது கைதட்ட ஆளிருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைப்பவனுக்கு யார் கைதட்டுகிறார்கள்?

பி.காம். படித்த புத்தி எனக்கு. மெஷின் வாங்கினால் அந்த வருஷத்திலிருந்தே தேய்மானம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். நிரலுக்கும் தேய்மானம் உண்டு. இணையதளத்தில் கிராஃப் சேர்ப்பது ஒருநாள் செலவில்லை, அது இருக்கும்வரை தொடரும் செலவு. அதை எழுதாமல் விட்டால் ஒருநாள் மொத்தமாக எழுதவேண்டி வரும்.

"அட, இலவசமா கொடுக்கறாங்க, இதுல குறை வேற சொல்றீங்களா?" என்பார்கள். இலவசம் நமக்குத்தான். விக்கிமீடியா அறக்கட்டளையின் நிகர சொத்து 2023 ஜூன் முடிவில் சுமார் 25 கோடி டாலர். அந்த வருஷமும் மறு வருஷமும் நன்கொடை கேட்கும் பேனர் வழக்கம்போல வந்து போனது. கிராஃப்தான் வரவில்லை.

"ஓப்பன் சோர்ஸ்தானே, நீங்களே சரிபண்ணிக்கலாமே?" இது அடுத்த சமாதானம். நிரலை யாரும் திருத்தலாம், வாஸ்தவம். ஆனால் சர்வரில் ஸ்விட்ச் போடும் உரிமை அறக்கட்டளையிடம் அல்லவா இருக்கிறது! கதவுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து ஒட்டடை அடியுங்கள் என்றால் எப்படி?

மாற்றாக 'சார்ட்' என்ற புதுக் கருவி 2024 கடைசியில் சில மொழிகளில் வெள்ளோட்டம் கண்டு, 2025-ல்தான் மற்றவர்களுக்கு வந்தது. இதில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. எண்கள் விக்கிமீடியா காமன்ஸில் ஓர் அட்டவணையாக இருக்கும். அங்கே ஒருமுறை திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லா மொழிகளிலும் கோடு மாறும். இதற்கு ஒரு சபாஷ். ஆனால் வந்தபோது இருந்த வகைகள் நாலே நாலு: கோடு, பட்டை, பரப்பு, வட்டம். வேகாவில் வரைய முடிந்த பலவற்றுக்கு இங்கே இடமில்லை.

பழைய கிராஃப்கள் தாமாகவும் உயிர்பெறவில்லை. எண்களை அட்டவணைக்கு மாற்றி, கட்டுரைக்குள் புதிதாகப் பொருத்தவேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்கிறீர்கள்? சம்பளமில்லாமல் எழுதும் அதே தன்னார்வலர்கள் தலையில்தான்.