துருவ ஒளி: தரையிலிருந்து எதைக் கேட்கிறோம்?

'துருவ ஒளியின் ஓசை' என்ற பெயரில் ஒலிப்பதிவுகள் அவ்வப்போது கைபேசிகளில் வலம் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை காதால் கேட்ட ஓசை அல்ல. ஆன்டெனாவில் சிக்கிய ரேடியோ அலையை ஒலிபெருக்கிக்குக் கொடுத்ததும் கிடைத்த இரைச்சல்தான். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. எது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம்.

விண்ணிலிருந்து இறங்கும் எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி துருவங்களை நோக்கி வருகின்றன. துருவ ஒளி மட்டுமல்ல, ரேடியோ அலையும் அங்கே பிறக்கிறது. இவற்றில் வலிமை மிக்கது தரைக்குப் பல ஆயிரம் கி.மீ. உயரத்தில் உருவாகும் நெடு அலை. உச்சத்தில் அதன் திறன் 100 கோடி வாட்டைத் தொடும். ஆனால் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அதை மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. செயற்கைக்கோள்கள் போன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

அப்படியானால் தரையில் கருவி வைப்பது வீண்தானே? இல்லை. கெல்லாக், மான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் 3 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டையில் ஒரு விநோத இரைச்சலைப் பதிவுசெய்ததை 1979-இல் வெளியிட்டார்கள். எலக்ட்ரான் சுழலும் வேகத்தைப் போல் இரு மடங்கு அதிர்வெண் அது. அந்தச் சுழற்சி வேகம் காந்தப்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. மேலே போகப் போகப் புலம் வலுக் குறையும். ஆகவே அதிர்வெண்ணே உயரத்தைச் சொல்லிவிடும். 2.8 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் ஊற்று ஏறக்குறைய 275 கி.மீ. உயரத்தில், அது இன்னும் 10 கி.மீ. மேலே ஏறினால் அதிர்வெண் 12, 13 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். ராக்கெட் விடாமலே கிடைக்கும் அளவீடு இது!

இதற்குத் துருவம்தான் தோதான இடம். ஊர்ப்பக்கம் வைத்தால் மத்திய அலை வானொலி நிலையங்களே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பகல் வெயிலோ அயனி மண்டலத்தின் அடி அடுக்கைத் தடிப்பாக்கி, வரும் அலையை உறிஞ்சிவிடும். தென்துருவத்தில் ஆறு மாத இரவு. அக்கம்பக்கத்தில் ஒலிபரப்புக் கோபுரமும் கிடையாது.

அங்கே கருவி நிறுவியிருந்த டார்ட்மத் கல்லூரியின் ஜேம்ஸ் லாபெல், ஆண்டர்சன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. தரைக்கு வராது என்று கருதப்பட்ட அந்த நெடு அலையின் சாயலுள்ள சமிக்ஞையைத் தென்துருவ ஆன்டெனா பிடித்தது. அதே நேரத்தில் ஜியோடெயில் செயற்கைக்கோளும் விண்ணில் நெடு அலையைப் பதிவுசெய்திருந்தது. கசிவு சொற்பம்தான். ஆனால் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருக்கும். தரை ஆன்டெனாவோ ஒரே வானத்தைக் குளிர்காலம் முழுக்கக் கண்காணிக்கும்.